நொட்டாங்கை அம்மன்

நாடகம், சினிமா என்றால் சிலருக்குச் சோறு தண்ணி வேண்டாம். எந்தப் படத்தில் யார் எந்தப் பாட்டை எப்படி இழுத்தார் என்று கேட்டால் போதும், காது புளித்துப்போகும்வரை சொல்லுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஊர்ப் பக்கம் ஏதாவது வந்தால், வீட்டில் கூட்டிக்கொண்டு போனால், போவேன். பாதியில் தூங்கியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் அங்கேயே முணுமுணுத்து அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் ஒரு படம் எனக்குச் செய்த காரியத்தை, சோறு தண்ணி இல்லாமல் படம் பார்க்கிறவர்களில் ஒருவருக்குக்கூட எந்தப் படமும் செய்திருக்காது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. எங்கள் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் நொட்டாங்கை. சிங்கப்பூருக்கு வடக்கே, உலு திராம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் வைத்துக் கட்டிய லயத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா, அப்பா இருவருக்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. விடிவதற்குள் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு உடம்பெல்லாம் கித்தாப் பால் வாடையோடு வருவார்கள். வந்ததும் அம்மா முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, என் கையை. எந்தக் கையில் எதைப் பிடித்திருக்கிறேன் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

சாப்பிடும்போது இடக்கை தட்டுக்குப் போகும். யாராவது ஒன்றைக் கொடுத்தால் இடக்கை நீளும். கோயிலில் திருநீறு வாங்கப் போனாலும் அந்தக் கைதான் முந்தும். லயத்தில் பெண்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு இன்னொருத்தர் வீட்டில் சோறு போடப் போகிற கை, இந்தக் கையால் போட்டால் எவன் சாப்பிடுவான் என்று அம்மா காதில் விழுகிற மாதிரி பேசுவார்கள். அம்மாவுக்கு அது நெஞ்சில் முள். சூடு வைத்துப் பார்க்கலாம் என்றுகூட ஒருத்தி யோசனை சொன்னாள். அதற்கு அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு நீளத் துண்டைக் கிழித்து, என் இடது மணிக்கட்டில் சுற்றி, அதை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். சாப்பிடும்போது மட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு நாள் முழுக்க என்று ஆயிற்று. வேலைக்குப் போகும் முன்பு கட்டிவிட்டுப் போவாள். முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கும், என்னால் அவிழ்க்க முடியாது. மத்தியானத்துக்குள் விரல்கள் வீங்கி, தொட்டால் மரத்துப்போய் இருக்கும். மணிக்கட்டில் துணி அறுத்த இடத்தில் புண் வந்து, ஆறி, மறுபடியும் வந்தது. நான் அழுவேன். அம்மாவும் அழுவாள். ஆனால் கட்டை மட்டும் அவிழ்க்க மாட்டாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லயத்துக் கடைசியில் தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. அங்கே விளக்கேற்றுவதும் திருநீறு கொடுப்பதும் அப்பாதான். அதிகம் பேச மாட்டார். பொய் சொல்லவே மாட்டார். ஒரு தடவை மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயமாகிவிட்டது, யார் என்று கங்காணி கத்திக்கொண்டு நின்றபோது, கேட்காமலேயே முன்னால் போய், நான்தான் என்று சொல்லி அபராதம் வாங்கி வந்தவர். அன்றைக்கு அம்மா அவரைப் பேசிய பேச்சு லயம் முழுக்கக் கேட்டது. தோட்டத்தில் ஏதாவது வழக்கு என்றால் கோயில் முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லுவார்கள். அப்பா சூடம் அடித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இடக்கை விஷயத்தில் அப்பா திட்டியதில்லை. ஆனால் நான் இடக்கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினால் வாங்கவும் மாட்டார். கை மாறும்வரை சும்மா நிற்பார். அம்மா என் கையைக் கட்ட ஆரம்பித்தால் மட்டும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நான் முதலில் பார்த்தது சினிமா இல்லை, நாடகம். இந்தியாவிலிருந்து ஒரு கம்பெனி வந்து சிங்கப்பூரில் ஆடி முடித்துவிட்டு ஜொகூர் பாருவில் கொட்டகை போட்டிருந்தார்கள். தோட்டத்து லாரியில் எங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜா வந்தார், பாடினார். மந்திரி வந்தார், பாடினார். நாட்டைப் பறிகொடுத்துவிட்டு ராஜா காட்டுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று பாடிக்கொண்டே நிற்கிறார், காலை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறார். போங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. முன்னால் இருந்தவர்களோ ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர் என்று கேட்டு அவரை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார்கள்.

ராணி வேஷம் கட்டியவர் ஆண் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. அவ்வளவு நளினம். அப்புறம் கிட்டத்தில் வந்தபோது பவுடருக்குக் கீழே தாடையில் சவரம் செய்த பச்சை தெரிந்தது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ராணி காட்டில் கஞ்சி காய்ச்சி ராஜாவுக்கு ஊற்றுகிற இடத்தில் கொட்டகையே விம்மியது. அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். சிந்தி முடித்ததும் என் தொடையில் ஒரு கிள்ளு. "பாத்துக்கடி. ராணி எந்தக் கையால ஊத்துறா பாரு" என்றாள். ராணியாக வந்த அந்த மனிதரை நான் அன்று முழுக்க மன்னிக்கவில்லை. கடைசியில் நாடு திரும்பக் கிடைத்து எல்லோரும் கைதட்டியபோது, என் ஒரு கை இடுப்போடு கட்டியிருந்தது. நான் தொடையில் தட்டினேன்.

சினிமா அதற்குப் பிறகு, நான் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு வந்தது. அப்போது படம் பேசாது. உலு திராம் கடைத்தெருவுக்குப் பக்கத்து மைதானத்தில் டேரா என்று சொல்லுகிற பெரிய கூடாரம் அடித்தார்கள். வடக்கே பம்பாய்ப் பக்கம் எடுத்த சாமிப் படம், அம்மன் நேரில் வருகிறாள் என்று தமுக்கடித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்து சொன்னார்கள். கேட்டதும் லயமே கிளம்பிவிட்டது. அப்பாகூட வந்தார். அம்மா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, கையில் சூடமும் தேங்காயும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் போனது படம் பார்க்க இல்லை, கும்பிட.

கூடாரத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். முன்பக்கம் படம் காட்டுகிற மிஷின், பெஞ்சு, ஆண்கள். அந்தப் பக்கம் நிரம்பி வழிந்ததும், பெண்களையும் பிள்ளைகளையும் துணிக்குப் பின்பக்கம் கொண்டுபோய் மண்ணில் உட்கார வைத்தார்கள். பின்னாலும் படம் தெரிவதற்காக ஒரு ஆள் துணி முழுவதையும் தண்ணீர் தெளித்து நனைத்தான். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆண்கள் கண் படாமல் காலை நீட்டி உட்காரலாம். படம் நன்றாகவே தெரிந்தது. முன்பக்கம் ஒருவர் நின்றுகொண்டு கதையை உரக்கச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. இடையிடையே எழுத்து வரும். எங்களில் ஒருத்திக்கும் எழுத்து தெரியாது. ஒரே ஒருத்திக்குத் தெரிந்திருந்தாலும் என் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கதை எளிய கதை. மாமியார்க்காரி மருமகளைப் பாடாய்ப் படுத்துகிறாள். மருமகளுக்குக் கண் போய்விடுகிறது. காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் கல்யாண விருந்து. மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிறான், இடக்கையால். எங்கள் பக்கம் ஒரே சலசலப்பு. ஐயே, இவன் என்ன பீச்சாங்கையால் தின்கிறான் என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். பார்த்தால் மாமனாரும் இடக்கையால் தின்கிறார். பந்தியில் இருக்கிற எல்லோருமே இடக்கையால் தின்கிறார்கள். பரிமாறுகிறவளும் இடக்கையால் அள்ளிப் போடுகிறாள். ஐயர் வந்து இடக்கையால் அட்சதை போடுகிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன், இங்கே ஒரு ஊரே என் மாதிரி இருக்கிறது. அடுத்த காம்பராவில் குடியிருந்த சித்தி, விவரம் தெரிந்தவள், வடக்கத்தி ஆட்கள் அப்படித்தான், அவர்கள் பழக்கம் அது என்று எல்லோரையும் அடக்கினாள். அம்மா துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அம்மன் வந்தாள். மரம் இரண்டாகப் பிளந்தது, புகை வந்தது, புகைக்குள்ளிருந்து கிரீடமும் சூலமுமாக அம்மன். நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்த எதிலும் அப்படி ஒரு நிமிஷம் இல்லை. எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்து கை கூப்பினார்கள். அம்மா சூடத்தைத் தரையில் வைத்து ஏற்றிவிட்டாள், கூடார ஆள் ஓடிவந்து மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தான். குருட்டு மருமகள் காலில் விழுகிறாள். அம்மன் சிரிக்கிறாள். கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிறாள், மருமகளுக்குக் கண் திறக்கிறது. தூக்கிய கை இடக்கை. என் இடுப்போடு கட்டிக் கிடந்ததே, அதே கை.

அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியவில்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முதுகுப் பக்கம் கையை விட்டு முடிச்சைத் தடவி அவிழ்த்தாள். துணியை உருவி, வீங்கியிருந்த என் விரல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "அம்மனுக்கே அந்தக் கைதான்னா, எம் பொண்ணுக்கு என்ன கொறைச்சல்" என்றாள். அதன்பின் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

சந்தோஷம் ஒரு பொழுதுதான் நின்றது. மறுநாள் குழாயடியில் சித்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் புருஷன் முன்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானாம். அம்மன் ஆசீர்வாதம் பண்ணியது சோத்தாங்கையால்தானாம், வலக்கையால். பந்தியில் எல்லோரும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார்களாம். பொம்பளைகளுக்குக் கண் அவிந்துபோயிற்றா என்று சிரித்தானாம். அம்மாவுக்கு வந்ததே கோபம். கள்ளுக்கடையிலிருந்து நேராகக் கூடாரத்துக்குப் போனவனுக்கு எந்தக் கை தெரியும், கையே தெரிந்திருக்காது என்றாள். தானும் இடக்கையைத்தான் பார்த்திருந்தாள், ஆனாலும் புருஷனைக் குடிகாரன் என்றதும் சித்தி விடவில்லை. குழாயடியில் மற்ற பெண்கள் எல்லோரும் அம்மா பக்கம், இடக்கைதான் என்று சாதித்தார்கள். மற்ற ஆண்களைக் கேட்டால் ஒருவன் வலக்கை என்றான், ஒருவன் சூலத்தைத்தான் பார்த்தேன் கையைப் பார்க்கவில்லை என்றான். பேச்சு முற்றி முற்றி, உன் வீட்டுக்காரரும் முன்பக்கம்தானே இருந்தார், அவர் சூடம் அடித்துச் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறோம் என்று சித்தி முடித்துவிட்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. கொடியில் தொங்கிய அந்தக் கட்டுத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அப்பா வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். சாமி இடக்கையால் ஆசீர்வதித்தது நிஜமானால் பிள்ளையை விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் இனிமேல் ராத்திரியும் கட்டித்தான் படுக்க வைப்பேன், நீங்கள் சொல்லுங்கள் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார். துணி அறுத்த இடம் அப்போதும் சிவந்திருந்தது.

"நேத்து பாத்தது பத்தாது. இன்னிக்கும் அதே படந்தான். போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அப்பா தானாகப் படத்துக்குப் போகிறார் என்றதும் லயம் வாயைப் பிளந்தது. மாமியார் வேஷம் போட்ட பெண்ணைப் பார்க்கப் போகிறாரோ என்று சித்தி கிண்டல் பண்ணினாள். அப்பா குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, தனி ஆளாக நடந்து போனார். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா துணியை விட்டுக் கையை எடுக்கவில்லை. என் தலையெழுத்தை எழுதப் பேனா எடுத்துக்கொண்டு அப்பா போயிருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. அவர் பொய் சொல்ல மாட்டார். அதுதான் என் பயமே.

அப்பா திரும்பி வந்தபோது வீட்டுக்குள் வரவில்லை, நேராகக் கோயிலுக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே போனோம். சூடத்தை ஏற்றினார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன். அம்மன் நொட்டாங்கையாலதான் ஆசீர்வாதம் பண்ணுச்சு. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார். சித்தியின் புருஷன் தலையைச் சொறிந்துகொண்டே நகர்ந்தான். அம்மா அந்தத் துணியை அங்கேயே திரியாகக் கிழித்து விளக்கில் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இடக்கையால் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து அந்தக் கை என்னுடையது. அடுத்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அப்பாவே வந்து வாத்தியாரிடம், இவள் எந்தக் கையால் எழுதினாலும் எழுத விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லுவார்கள். பிறகு ஜொகூர் பாருவில் பட்டறை வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மறுவீட்டில் நான் பரிமாறியதைப் பார்த்து மாமியார் முகம் கறுத்தது. அம்மா அசரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மன் வந்த கதையை, மரம் பிளந்ததிலிருந்து சூடம் அடித்ததுவரை சொன்னாள். கோயில் விளக்கேற்றுகிற சம்பந்தி சூடம் அடித்த விஷயமாயிற்றே, மாமியார் அதற்கு மேல் என்ன பேச முடியும். அப்புறம் அவரே நாலு பேரிடம் என் கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குள் படம் பேசத் தொடங்கிவிட்டது. ஜொகூர் பாருவில் கொட்டகையில் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். பேசும் படம் என்றார்கள், பார்த்தால் பாடும் படம். கோபம் வந்தால் பாட்டு, குளிர் அடித்தால் பாட்டு. நான் சின்னப் பிள்ளையில் பார்த்த அந்தக் காட்டுக்குக் கிளம்பாத ராஜாதான் மறுபடியும் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் ஒன்று கவனித்தேன். யாரும் இடக்கையால் சாப்பிடவில்லை. இது மதராஸ் பக்கம் எடுத்த படம், அது வடக்கத்திப் படம், அதுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தேன்.

ஒரு தீபாவளிக்குத் தாய் வீடு போயிருந்தேன், இடுப்பில் கைக்குழந்தை. தோட்டத்தில் துரை செலவில் படம் காட்டினார்கள். கோயிலுக்கு எதிரே திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டி, பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தார்கள். இப்போது ஆண், பெண் எல்லோரும் முன்பக்கம், பாய் விரித்து. அம்மா நரைத்த தலையில் பூவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அது சாமிப் படம்தான், ஆனால் வேறு கதை. முனிவர் ஒருவர் வந்து யாரையோ ஆசீர்வதித்தார், வலக்கையால். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் வேசம். அன்னிக்கு டேராவுல வந்தாளே, அவதான் நெசமான அம்மன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. பாட்டுக் கேட்கவில்லை என்று நாலு பேர் முறைத்தார்கள். அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே திடலின் ஓரமாக நடந்தேன். நடந்தவள் அப்படியே துணிக்குப் பின்பக்கம் போய்விட்டேன். அங்கே யாரும் இல்லை. துணியில் படம் பின்னாலும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அதே முனிவர் கமண்டலத்தை இன்னொரு கைக்கு மாற்றியிருந்தார். ஆசீர்வாதம் பண்ணினார், இடக்கையால்.

முன்னால் போய்ப் பார்த்தேன், வலக்கை. பின்னால் வந்து பார்த்தேன், இடக்கை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் பைத்தியக்காரி மாதிரி நடந்தேன். பார்க்கப் பார்க்க விளங்கியது. துணிக்கு அந்தப் பக்கம் வலது என்றால் இந்தப் பக்கம் இடது. அன்று வந்த எழுத்தும் இடம் வலம் மாறித்தான் வந்திருக்கும், படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பாள். அவ்வளவுதான். வடக்கத்திப் பழக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்று நாங்கள் உட்கார்ந்த இடம் அப்படி. சித்தியின் புருஷன் சொன்னதுதான் சரி.

உடனே அடுத்த நினைப்பு வந்தது. அப்பா முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலக்கைதான் தெரிந்திருக்கும். அப்படியென்றால் அவர் அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறார். எனக்காக. வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்து, அதுவும் தான் விளக்கேற்றுகிற சாமியிடம். அந்தப் பாவத்தை மனதில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷமும் விளக்கேற்றினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா படத்துக்கு வராமல் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் குழந்தைக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். அழுகையை நிறுத்திவிட்டு அவர் துண்டை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது.

"அப்பா, அன்னிக்கு டேராவுல அம்மன் எந்தக் கையால ஆசீர்வாதம் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கிருந்து வருகிறேன் என்பதும், துணிக்குப் பின்னால் நின்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"சோத்தாங்கை" என்றார்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்காகப் பொய்ச் சூடம் அடித்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அப்பா பதறிவிட்டார்.

"அட, அழாத. பொய் சொல்லல நான். மொத நாளு முன்னாலேருந்து பாத்தேன், சோத்தாங்கை. ஆனா அத்தன பொம்பளைங்களும் சேர்ந்து எதுக்கும்மா பொய் சொல்லப் போறாங்க? அதான் மறுநாளு போயி, பின்னால, பொம்பளைங்க பக்கம் ஒக்காந்து பாத்தேன். எல்லாரும் என்னையத்தான் ஒரு மாதிரியாப் பாத்தாங்க. அம்மன் வந்தா. நொட்டாங்கை."

"அப்ப ரெண்டுல எதுப்பா நெசம்?"

"நான் ரெண்டையுந்தான் பாத்தேன். எனக்கு எது வேணுமோ அதுக்குச் சூடம் அடிச்சேன். முன்னால பாத்தியா பின்னால பாத்தியான்னு ஒங்கம்மா கேக்கல."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. கூச்சப்படுகிற மனுஷன், வேறு தோட்டத்துப் பெண்களுக்கு நடுவில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தனை பேர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு, அம்மன் வரும்வரை காத்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். திடலிலிருந்து அம்மா எங்களைக் கூப்பிட்டாள், கடைசிக் கட்டம் வந்துவிட்டது, சாமி வரப்போகிறது, ஓடி வாருங்கள் என்று.

அப்பா குழந்தையோடு எழுந்தார். முன்பக்கம் போகவில்லை. திடலைச் சுற்றிக்கொண்டு துணிக்குப் பின்னால் போய்ப் புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். நான் மடியிலிருந்து கச்சாங் பொட்டலத்தைப் பிரித்து, கடலையை இடக்கையால் அள்ளி நீட்டினேன். அவரும் இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மிச்சப் படத்தை நாங்கள் அங்கிருந்தேதான் பார்த்தோம்.